மொழிபெயர்க்க மறுத்த கிருசிகா

"மதிப்புக்குரிய நீதிபதி அவர்களே, வாடகைக்கு இருப்பவர் மூன்று தடவை கடிதம் எழுதியிருக்கிறார்" என்று ஜெர்மன் மொழியில் கிருசிகா முழங்க, ஆரே ஆற்றில் ஒரு வாத்து தலையைத் தூக்கிப் பார்க்கிறது. காலை ஏழு மணி. ஓல்டன் மரப்பாலத்திலிருந்து கீழே இறங்கும் நடைபாதை. முப்பது அடி நடந்து வாடகைக்காரருக்காக வாதாடுவாள். விளக்குக் கம்பம் வந்ததும் திரும்பி, அதே முப்பது அடியில் வீட்டுச் சொந்தக்காரருக்காக வாதாடுவாள். சொந்தக்காரருக்கு மட்டும் கொஞ்சம் மூக்கடைத்த குரல். குட்டைக்கால் நாயோடு தினமும் அந்த வழியே வரும் ஒரு பெரியவர், "இன்றைக்கு யார் ஜெயித்தது?" என்று கேட்பார். "தீர்ப்பு இன்னும் வரவில்லை" என்று வாத்துகளைக் காட்டுவாள் கிருசிகா.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் பாதி ஜெர்மனிலும் பாதி பிரெஞ்சிலும் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவள். ஆனால் இந்த நாட்டில் சட்டப் பட்டம் வாங்கியவர் வழக்கறிஞர் அல்ல. ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். அதன்பிறகு வழக்கறிஞர் தேர்வு என்ற ஒரு மலை. அதில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறிப் பார்க்க முடியாது. தவறினால் இன்னொரு தரம், அப்புறம் கதவு மெல்ல மெல்லச் சாத்தப்படும். கிருசிகா ஒரு தடவை தவறியவள். அதை மறைக்க மாட்டாள். யாராவது "என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டால், "ஒருக்கா விழுந்து எழும்பின லோயர்" என்பாள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கும்பகோணம் பக்கத்துக்காரி. கணவரின் வேலையோடு சூக் நகரத்துக்கு வந்து பதினான்கு ஆண்டுகள். நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். இந்தத் தொழிலுக்கு வாய்ப்பூட்டு உண்டு. அதனால் கிருசிகாவிடமும் அவளுடைய கட்சிக்காரர் றெஜினாவிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி, நீதிமன்றம் இருக்கும் ஊரையும் எதிர்த்தரப்பு நிறுவனத்தின் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதியதைக் கிருசிகாவுக்கு அனுப்பினேன். அவளுடைய முகத்தைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு பத்தியை முழுதாக அடித்து, ஓரத்தில் "வழக்குக்குத் தொடர்பில்லை" என்று குறித்து அனுப்பியிருந்தாள். ஆகவே அவள் எப்படி இருப்பாள் என்பது இந்தக் கட்டுரையில் இல்லை.

பயிற்சிக்கு இடம் கிடைத்த கதையை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். அறுபத்திரண்டு அலுவலகங்கள் வேண்டாம் என்றன. அவற்றில் பத்தொன்பது பதிலே போடவில்லை. நாலு அலுவலகங்கள் "திரு. கிருசிகா யோகராஜா அவர்களுக்கு" என்று ஆணாக்கிப் பதில் எழுதியிருந்தன. "படம் அனுப்பினனான் அக்கா! தோடு போட்டுக்கொண்டு நிண்ட படம்!" அறுபத்து மூன்றாவதாக, ஓல்டனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இரண்டு அறை வைத்திருக்கும் வழக்கறிஞர் ஹேர் ஷ்டூடர் அவளைக் கூப்பிட்டார். (இங்கே மரியாதைக்கு ஆண்களை ஹேர் என்றும் பெண்களை ஃப்ரௌ என்றும் அழைப்பார்கள்.) அறுபது வயது தாண்டிய மனிதர். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். "சட்டத்தின் மீது எனக்குத் தீராத காதல்" என்று எழுதாத ஒரே விண்ணப்பம் உன்னுடையதுதான், அதனால்தான் எடுத்தேன் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார்.

முன்பு அவரிடம் பயிற்சி எடுப்பவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். இப்போது ஒருவர் போதும். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதும் மனுவை அவருடைய கணினியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு நாலு நிமிடத்தில் எழுதித் தள்ளிவிடுகிறது. அதைச் சரிபார்ப்பதுதான் கிருசிகாவின் காலை வேலை. ஒருநாள் அது மேற்கோள் காட்டிய ஒரு தீர்ப்பைத் தேடித் தேடிக் களைத்துப்போய், கடைசியில் அப்படி ஒரு தீர்ப்பே இல்லை என்று கண்டுபிடித்தாள். "அது வடிவாப் பொய் சொல்லும் அக்கா. ஆனா நல்ல மரியாதையாச் சொல்லும்." தன்னோடு படித்தவர்கள் சூக்கில் கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து, பெயர் வாயில் நுழையாத கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதுகிறார்கள் என்பதையும் அவள் எரிச்சல் இல்லாமல்தான் சொல்வாள். எரிச்சல் வருவது தம்பியைப் பற்றிப் பேசும்போதுதான்.

தம்பி பானுஜன் பதினாறு வயதில் மின்சார வேலைக்குப் பழகுநராகப் போனவன். இப்போது இருபத்தைந்து. சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். வேனில் அவன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. "நீ சட்டம் படிச்சு முடியிறதுக்குள்ள சட்டத்தையே மாத்திப் போடுவாங்கள்" என்பான். கல்யாண வீடுகளில் அம்மா சந்திரமதி பிள்ளைகளை அறிமுகம் செய்யும் விதத்தைக் கிருசிகா நடித்தே காட்டுவாள். அம்மா முதியோர் இல்லச் சமையலறையில் முப்பது பேரை விரட்டி வேலை வாங்குபவர். கல்யாண வீட்டில் மட்டும் குரல் இறங்கிவிடும். "இவன் எலக்ட்ரிக் வேலை. இவள்... இவள் இன்னும் படிக்கிறாள்." அந்த இடைவெளியில் அம்மா விடும் மூச்சையும் சேர்த்து நடிப்பாள்.

பெண் முதல் தடவை தேர்வில் எப்படித் தவறினாள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை. எழுத்துத் தேர்வு நன்றாகவே போயிற்று. வாய்மொழித் தேர்வில் ஐந்து பேர் எதிரே இருந்தார்கள். ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாள். நடுவில் இருந்தவர் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவுதான். "இல்லை, மன்னிக்கவும்" என்று சரியான பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தவறான பதிலைச் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் அதே கதை. அரைப் புள்ளியில் போயிற்று. "அந்தாள் புருவத்தை ஏன் தூக்கினவர் எண்டு பிறகு விசாரிச்சன். அவருக்குக் கண்ணில ஏதோ ஒவ்வாமையாம்" என்று சிரித்தாள்.

எங்களை அறிமுகம் செய்துவைத்தது றெஜினாவின் வழக்கு. மன்னார்க்காரர், ஐம்பத்து நாலு வயது. ஒரு துப்புரவு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் அலுவலகங்கள் துடைத்தவர். டிசம்பரில் ஒரு நாள் வேலை நடுவில் தலை சுற்றியது. மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். றெஜினா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் டாக்டர் சீட்டோடு வந்தால், நிறுவனத்தின் கடிதம் காத்திருக்கிறது: நீங்களாகவே வேலையிலிருந்து விலகிவிட்டீர்கள், ஆகவே இனி வர வேண்டியதில்லை. விலகினாரா, உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போனாரா? வழக்கே அந்த ஒரு கேள்விதான். ஹேர் ஷ்டூடர் கோப்பைக் கிருசிகாவின் மேசையில் வைத்து, "இதற்கு நீ தனியாகப் போ" என்றார். அவளுடைய முதல் தனி வழக்கு.

முதல் விசாரணைக்கு நான் போய்ச் சேரவில்லை. அன்று காற்றில் மரம் விழுந்து, என் ரயில் லூசெர்னுக்கு வெளியே இரண்டரை மணி நேரம் நின்றுவிட்டது. அங்கே நடந்ததைக் கிருசிகாவும் றெஜினாவும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு கதையும் பொருந்துவதால் நம்பி எழுதுகிறேன்.

கதவருகே பட்டியலோடு நின்ற பணியாளர் கிருசிகாவைப் பார்த்ததும் சிரித்த முகத்தோடு, "மொழிபெயர்ப்பாளர்தானே? உங்கள் நாற்காலி அங்கே" என்று கையைக் காட்டினார். "இல்லை, நான் சட்டப் பிரதிநிதி. என் நாற்காலி இங்கே" என்று அவளும் சிரித்த முகத்தோடு சொல்லி உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் என் தொலைபேசிச் செய்தி உள்ளே போயிற்று. நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கிருசிகாவைப் பார்த்தார்.

"ஃப்ரௌ யோகராஜா, உங்களுக்குத் தமிழ் தெரியும் அல்லவா? நீங்களே மொழிபெயர்த்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சமாகுமே?"

"தெரியும். அதனால்தான் செய்யக் கூடாது" என்றாள் கிருசிகா. "நான் இவருக்காக வாதாட வந்திருக்கிறேன். இவருடைய வாயாகவும் நானே இருந்தால், இவர் சொன்னது எது, நான் சொன்னது எது என்று நாளைக்கு யாரும் கேட்கலாம்."

நீதிபதி ஒப்புக்கொண்டு மூன்று வாரம் தள்ளிவைத்தார். ஒப்புக்கொள்ளாதவர் றெஜினாதான். புதிதாகக் கிடைத்த ஒரு தற்காலிக வேலையில் அரை நாள் விடுப்புக் கேட்டு வந்தவர் அவர்.

"பிள்ளை, நீ சொல்லன்! உனக்குத் தமிழ் தெரியுந்தானே. ரெண்டு வார்த்தை சொல்லுறதுக்கு என்ன?"

"அன்ரி, நான் சொன்னா அது உங்கட சொல்லா இராது. என்ர சொல்லாப் போயிடும்."

"ஆரின்ர சொல்லா இருந்தா என்ன, அலுவல் முடிஞ்சாச் சரிதானே?"

வெளியே வந்த றெஜினா அவளுக்குப் பத்தடி முன்னாலேயே ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓல்டன் தமிழ்க் கடையில் செய்தி பரவிவிட்டது: யோகராஜாவின் மகளுக்குத் தமிழ் மறந்துபோயிற்றாம். கோர்ட்டில் கேட்டார்களாம், ஒரு வார்த்தை வரவில்லையாம். சந்திரமதி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது இதைக் கேட்டார். கத்தரிக்காயைப் பெட்டியில் திரும்பப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மகளை நிறுத்தி வைத்தார்.

"பனியோ மழையோ, பன்னிரண்டு வருசம் சனிக்கிழமை சனிக்கிழமையாத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். ஒரு வார்த்தை கதைச்சிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"மற்றப் பக்கத்தையும் பாக்க வேணும் அம்மா" என்றாள் கிருசிகா. அவள் அடிக்கடி சொல்வது அதுதான். வீட்டில் யார் யாரைக் குறை சொன்னாலும், குறை சொல்லப்பட்டவருக்காக ஆஜராகிவிடுவாள்.

"நீ எந்த நாளும் மற்றப் பக்கத்தைத்தான் பாக்கிறாய். எங்கட பக்கத்தை ஆர் பாக்கிறது?" என்றார் அம்மா. அப்பா யோகராஜா பார்சல் கிடங்கில் இரவு வேலை முடித்து வந்து தூங்கப் போகிற வழியில், "கோர்ட்டில என்ர பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகினமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஹேர் ஷ்டூடரும் விஷயத்தை எடுத்தார். றெஜினாவின் உறவினர் ஒருவர் தொலைபேசியில் முறையிட்டிருந்தார். "நீ செய்தது சரி" என்றார் ஷ்டூடர். "ஆனால் சரியாகச் செய்வதும் கட்சிக்காரரைக் கையில் வைத்திருப்பதும் இரண்டு வேலை. இரண்டும் தெரிந்தவருக்குத்தான் இங்கே இடம் உண்டு." தேர்வுக்குப் பிறகு அவளை வைத்துக்கொள்வாரா என்று அவள் ஒருமுறை கேட்டிருந்தாள். அதற்கான பதில் இதுதானோ என்று அன்று முழுவதும் யோசித்ததாகச் சொன்னாள். தேர்வுக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது.

மூன்று வாரம் கழித்து நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன். தாழ்வாரத்தில் கிருசிகா வந்து ஜெர்மனில் வணக்கம் சொல்லி, கைகுலுக்கி, எதிர்ப் பக்க பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். தமிழில் ஒரு வார்த்தை இல்லை. சரியான திமிர் பிடித்த பெண் என்று நினைத்தேன். வழக்கு முடியும்வரை மொழிபெயர்ப்பாளரோடு தனியாகப் பேசக் கூடாது என்று அவள் வைத்திருந்த கட்டுப்பாடு எனக்கு அப்போது தெரியாது.

விசாரணை தொடங்கியது. எதிர்த் தரப்பில் வெள்ளித் தலைமுடியோடு மூத்த வழக்கறிஞர் ஒருவர். நீதிபதி றெஜினாவிடம், அன்று நடந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். றெஜினா சொன்னார்:

"தலை சுத்திச்சுது. அவர் கத்தினார். எனக்கு ஏலாமப் போச்சு. நான் வேலையை விட்டிட்டு வந்திட்டன்."

நான் மொழிபெயர்த்தேன். கும்பகோணத்தில் ஒருவர் "வேலையை விட்டுட்டேன்" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ராஜினாமா. அப்படியே ஜெர்மனில் சொன்னேன்: முடியவில்லை, அதனால் வேலையிலிருந்து விலகி வந்துவிட்டேன். எழுத்தர் தட்டச்சு செய்தார். வெள்ளித்தலைக்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அவர் அதுவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இனிக் கேட்கத் தேவையும் இல்லை.

கிருசிகா எழுந்தாள். "இந்த இடத்தில் ஒரு சந்தேகம்."

நீதிபதியின் புருவங்கள் உயர்ந்தன. "உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் தவறாகச் சொன்னார் என்கிறீர்களா?"

வெள்ளித்தலைக்காரர் முந்திக்கொண்டார். "மூன்று வாரம் முன்னால் மொழிபெயர்க்க மாட்டேன் என்று இங்கேதான் சொன்னார். இன்றைக்கு மனம் மாறி மொழிபெயர்க்கிறாரா?"

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். மன்னிக்கவும் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், உட்கார்ந்துவிட வேண்டும் என்று விரும்பினேன். பதினோரு ஆண்டுத் தொழிலில் என் மொழிபெயர்ப்பை யாரும் கேள்வி கேட்டதில்லை.

"நான் மொழிபெயர்க்கவில்லை" என்றாள் கிருசிகா. "அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்றும் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு இன்னோர் அர்த்தம் உண்டா என்று மொழிபெயர்ப்பாளரையே கேளுங்கள் என்றுதான் கோருகிறேன். அவர் இல்லை என்றால் உட்கார்ந்துவிடுகிறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். வேலையை விட்டிட்டு வந்திட்டன். பிறகு அந்த அம்மாளின் குரலில் சொல்லிப் பார்த்தேன். அடுப்பை விட்டுவிட்டு வந்தேன், துணியை விட்டுவிட்டு வந்தேன் என்பதுபோல, செய்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். காது சுட்டது.

"உண்டு" என்றேன். "கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தேன் என்றும் பொருள். நான்தான் ஒன்றை மட்டும் சொன்னேன்."

நீதிபதி நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்படியானால், வேலையிலிருந்து விலகுவதை இவர் எப்படிச் சொல்வார்? கேளுங்கள்."

கேட்டேன். "அம்மா, ஒருத்தர் இனிமே வேலைக்கே வர மாட்டேன்னு போயிட்டா, உங்க பக்கம் எப்படிச் சொல்வீங்க?"

"வேலையால நிண்டிட்டன் எண்டு சொல்லுவம்" என்றார் றெஜினா. "நான் நிக்கேல்லையே தங்கச்சி. நான் வந்தனான். அடுத்தநாள் காலமை திரும்பிப் போக வேணுமெண்டுதானே உடுப்பையும் செருப்பையும் அங்க அலுமாரிக்கை வச்சிட்டு வந்தனான்."

இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டேன்: "விலகியிருந்தால் 'நின்றேன்' என்று சொல்லியிருப்பாராம். இவர் நிற்கவில்லையாம். இவர் வந்தாராம். மறுநாள் திரும்பிப் போவதற்காக உடையையும் காலணியையும் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாராம்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "ஆக, உங்கள் மொழியில் நிற்பவர் போய்விடுகிறார், போகிறவர் நிற்கிறார்." எழுத்தர் தட்டச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வெள்ளித்தலைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்த கணம் அவர் நிறுவனத்தின் ஆளைத் திரும்பிப் பார்த்து, "அலமாரியில் உடை இருந்ததா?" என்று கேட்டார். அந்த ஆள் தரையைப் பார்த்தார். கால் மணி நேர இடைவேளை கேட்டார்கள்.

மதியத்துக்குள் சமரசமாயிற்று. றெஜினா விலகவில்லை என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. முறைப்படி தர வேண்டிய மாதங்களின் சம்பளமும், ஒன்பது ஆண்டு உழைத்ததற்கு ஒரு நல்ல சான்றிதழும் தர ஒப்புக்கொண்டது. றெஜினாவுக்குச் சம்பளத்தைவிடச் சான்றிதழ்தான் பெரிதாகத் தெரிந்தது. அடுத்த வேலைக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வெளியே வந்ததும் கிருசிகா நேராக என்னிடம் வந்தாள். அன்றுதான் அவள் தமிழை முதன்முதலில் கேட்டேன்.

"அக்கா, சாப்பிட்டிட்டீங்களோ?"

"சாரிம்மா. தப்பு என் மேலதான்" என்றேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"மற்றப் பக்கத்தையும் பாருங்கோ அக்கா. நீங்கள் சரியாச் சொல்லியிருந்தா ஆரும் அந்த அலுமாரியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டினம்." பிறகு, "வாங்கோ, எனக்குச் சரியான பசி" என்று சிரித்தாள். இரண்டு பேரும் போய்ச் சாப்பிட்டோம். அவள் ஒரு சாண்ட்விச்சை நாலு கடியில் முடித்துவிட்டு, நான் வைத்திருந்ததையும் ஒரு பார்வை பார்த்தாள். பாதியைக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கடையில் செய்தி திருத்தி வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் றெஜினாவேதான். "அந்தப் பிள்ளைக்குத் தமிழ் மறக்கேல்லை. ஒரு சொல்லுக்கு எத்தினை கருத்து இருக்கெண்டு எங்களுக்குத்தான் தெரியாது" என்று கல்லாவில் நின்றவரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம். சந்திரமதி அன்று இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கிவந்தார். அந்த வாரம் முழுக்கக் கத்தரிக்காய்க் குழம்புதான் என்று கிருசிகா புலம்பினாள்.

அதன்பிறகுதான் அவளோடு ஆற்றங்கரையில் நடக்க ஆரம்பித்தேன். ஓல்டனில் எனக்குக் காலை வேலை இருக்கும் நாட்களில் ஒரு ரயில் முன்னால் ஏறிவிடுவேன். புருவம் உயர்த்துவது என் பொறுப்பு. அவள் சரியாகச் சொல்லும்போதெல்லாம் நான் புருவத்தைத் தூக்க வேண்டும். அவள் பதிலை மாற்றாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்குச் சட்டம் தெரியாது. ஆகவே கண்டபடி தூக்கினேன். அதுதான் நல்ல பயிற்சி என்றாள். நாய்க்காரரும் ஒருநாள் கலந்துகொண்டார். அவருக்கு இயற்கையிலேயே அடர்ந்த புருவம்.

ஜூனில் தேர்வு எழுதினாள். வாய்மொழித் தேர்வில் அதே மனிதர், அதே நடு நாற்காலி. "தூக்கினவர் அக்கா. ரெண்டு புருவமும். நான் பதிலை மாத்தேல்லை. கொஞ்ச நேரம் பாத்தார். பிறகு தண்ணி குடிச்சார்." தேர்ச்சி பெற்ற செய்தி வந்தபோது அம்மா சமையலறையில் முப்பது பேருக்கும் இனிப்புக் கொடுத்தாராம். பானுஜன் மறுநாளே ஷ்டூடரின் அலுவலகத்துக்குப் போய், இரண்டு வருடமாக எரிந்து எரிந்து அணையும் படிக்கட்டு விளக்கைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தான்.

எல்லாம் இனிப்பாக முடிந்துவிடவில்லை. சூக்கிலிருந்து ஒரு கண்ணாடிக் கட்டடம் அவளைக் கூப்பிட்டது. நேர்முகம் இரண்டு சுற்று முடிந்ததும், அந்த வேலையையே எடுத்துவிட்டோம், மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று எழுதிவிட்டது. ஹேர் ஷ்டூடர் அவளை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அறுபது வீத வேலை, அதாவது வாரத்தில் மூன்று நாள். அதற்குமேல் அவரிடம் வழக்கு இல்லை. யோகராஜாவுக்கு இது பிடிபடவில்லை. "நூறு வீதம் படிச்ச பிள்ளைக்கு அறுபது வீத வேலையோ?" கிருசிகா மீதி இரண்டு நாளுக்குக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். இதை எழுதும்போதும் ஒன்றும் திறக்கவில்லை. "மிச்ச நாப்பதையும் நானே தேடிப் பிடிப்பன். முதல் அறுபதையும் அப்பிடித்தானே பிடிச்சனான்" என்கிறாள். சொல்லும்போது சிரிக்கிறாள், சில நாள் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வருகிறது.

செப்டம்பரில் உறுதிமொழி ஏற்கும் விழாவுக்கு என்னையும் அழைத்தாள். "அம்மாவுக்குப் பக்கத்தில இருங்கோ அக்கா. இல்லையெண்டா என்ன சொல்லுறார், என்ன சொல்லுறார் எண்டு கேட்டுச் சத்தம் போடுவா." நான் சந்திரமதியின் இடப்பக்கம் உட்கார்ந்து, காதோடு காதாக மொழிபெயர்த்தேன். அவருக்குக் கடைத்தெரு ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. மேடை ஜெர்மன் அப்படியல்ல. ஆனால் அவருடைய முதல் கவலை மொழி இல்லை.

"கறுப்புக் கோட்டு எங்க?"

"இந்தப் பக்கம் வக்கீலுங்க கறுப்புக் கோட்டு போடறதில்லைங்க. சாதாரண உடுப்புதான்."

"ஒரு அங்கிகூட இல்லையோ? இது பாங்கில வேலை செய்யிற பிள்ளை மாதிரியெல்லோ கிடக்கு. ஊருக்குப் படம் அனுப்பினா ஆர் நம்புவினம்?"

பின்வரிசையில் றெஜினா சிரிப்பை அடக்கினார். யோகராஜா யாரிடமோ இரவல் வாங்கிய கழுத்துப்பட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விழாத் தலைவர் உரையாற்றினார். "என்ன சொல்லுறார்?" சுதந்திரமாக இருங்கள் என்கிறார். "இப்ப?" கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பாற்றுங்கள் என்கிறார். "அது இவளிட்ட ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. வீட்டிலையே ஒண்டும் சொல்ல மாட்டாள்."

புதிய வழக்கறிஞர்கள் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தலைவர் இடது கையில் பட்டயத்தை நீட்டி, வலது கையைக் குலுக்குவதற்குக் கொடுத்தார். வந்தவர்கள் ஒரு கையால் குலுக்கி, ஒரு கையால் வாங்கி, படத்துக்குச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். எட்டுப் பேர் அப்படிப் போனார்கள். ஒன்பதாவதாக, "ஃப்ரௌ யோகராஜா" என்றார்கள். சந்திரமதி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

கிருசிகா படியேறினாள். அதுவரை நேராக நடந்து வந்தவள் தலைவருக்கு முன்னால் லேசாகக் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள். தலைவரின் வலது கை ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு அவரும் பட்டயத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, அவள் கைகளில் வைத்தார்.